வெட்டிய ஓரமும் அழித்த கம்பியும்

தமிழ்த்துறையில் பணிபுரிவோருக்கு ஒரு தலைவிதி உண்டு. கோலப்போட்டியானாலும் மாறுவேடப் போட்டியானாலும் நடுவர் நாற்காலியில் ஒன்று நமக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் முதன்முறையாகப் புகைப்படப் போட்டியைச் சேர்த்தார்கள். இயற்பியல் துறை நண்பர் ஒருவர், நகரில் ஸ்டுடியோ நடத்தும் பெரியவர் ஒருவர், அடியேன் என மூவர் நடுவர்கள். கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். பார்க்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள்.

வந்த படங்களில் ஒன்று மூவர் கண்ணிலும் ஒருசேர நின்றது. அந்தி வானம், கோபுரத்தின் மேல்நிலைகள், கீழே அடைத்த பூக்கடை, அதன் பலகையில் தலைசாய்த்து உறங்கும் ஒரு கிழவர். முதற்பரிசு அதற்கே என்று பேசி முடித்துவிட்ட நேரத்தில், ஸ்டுடியோக்காரர் படத்தைப் பெரிதாக்கி வானத்தின் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். “இங்கே மின்கம்பி போயிருக்கிறது சார். ஃபோனிலேயே அழித்திருக்கிறான்.” உற்றுப் பார்த்தபோது எனக்கும் தெரிந்தது. வானத்தின் வண்ணம் அந்த ஒரு கோட்டில் மட்டும் சற்றே குழைந்திருந்தது. அரைமணி நேர வாதத்துக்குப் பின் அப்படத்தை விலக்கினோம். போட்டி விதியில் “படத்தின் ஓரங்களை வெட்டலாம், ஒளியைக் கூட்டிக் குறைக்கலாம், வேறு மாற்றம் கூடாது” என்று இருந்தது.

மறுநாள் அந்த மாணவர் துறைக்கு வந்தார். கோபமில்லை, ஆனால் விடவும் இல்லை. “ஐயா, ஓரத்தை வெட்டலாம் என்கிறீர்கள். வெட்டினால் ஓரத்தில் நின்ற ஆளே காணாமற் போகிறார். அது குற்றமில்லை. ஒரு கம்பியை எடுத்தது மட்டும் எப்படிக் குற்றம்?” என்று கேட்டார். விதி அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன எனக்கே அது விடையாகத் தோன்றவில்லை. அதன்பின் சில மாதங்கள் புகைப்பட நடுவர்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். அதில் கண்டவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

புகைப்படம் பிறந்த காலத்தில் அது நல்ல படமா, தீய படமா என்று எவரும் கேட்கவில்லை; கலையா, அன்றா என்பதே வழக்காக இருந்தது. 1859இல் பாரிஸ் நகரத்துத் தொழில் மாளிகையில் ஓவியர்களின் சலோன் கண்காட்சி நடந்தபோது, அதே கட்டடத்தில் பிரெஞ்சுப் புகைப்படக் கழகத்தாருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் நுழைவாயில் வேறு. ஒரே கூரை, இரண்டு வாசல். அந்த ஆண்டுச் சலோனைப் பற்றி எழுதிய கவிஞர் போதலேர், புகைப்படம் அறிவியலுக்கும் கலைகளுக்கும் பணிப்பெண்ணாக இருக்கட்டும், கற்பனையின் எல்லைக்குள் கால்வைக்க வேண்டாம் என்ற கருத்தில் கடுமையாகச் சாடினார். அவர் நாதாரின் கேமராவுக்கு முன் அமர்ந்தவர் என்பது தனிக்கதை.

கலை என்று ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டுமானால் ஓவியர் செய்வதைச் செய்து காட்ட வேண்டும் என எண்ணிய ஒரு சாரார் இங்கிலாந்தில் இருந்தனர். ஆஸ்கர் ரைலாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒட்டிச் சேர்த்து ‘வாழ்க்கையின் இரு வழிகள்’ என்ற பெரும்படத்தை உருவாக்கினார். ஒருபுறம் அறவழி, மறுபுறம் இன்பவழி, நடுவே இரண்டு இளைஞர். மான்செஸ்டர் கலைப் பொக்கிஷக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியார் ஒரு படி வாங்கினார். ஆனால் ஸ்காட்லாந்துப் புகைப்படக் கழகம் ஆடையற்ற உருவங்கள் இருப்பதைக் காட்டி இடமளிக்க மறுத்தது. ஓவியத்தில் அதனினும் ஆடை குறைந்த தெய்வ மகளிரை அதே கனவான்கள் குடும்பத்தோடு நின்று ரசித்தவர்கள்தாம்.

மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ‘வாடி மறைதல்’ என்னும் படத்தைக் காட்சிக்கு வைத்தார். சாகக்கிடக்கும் ஓர் இளம்பெண், அருகே இருவர், சன்னலைப் பார்த்துத் திரும்பி நிற்கும் ஓர் ஆண். இவ்வளவு துயரமான காட்சியைப் புகைப்படமாக்குவது முறையன்று என்று பலர் முகஞ்சுளித்தார்கள். உண்மையில் படுத்திருந்தவள் நல்ல உடல்நலத்தோடிருந்த பதினான்கு வயதளவிலான ஒரு பெண். நோயும் இல்லை, சாவும் இல்லை. ஓவியமாகத் தீட்டியிருந்தால் எவரும் சினந்திருக்க மாட்டார்கள். புகைப்படம் என்பதனால் பார்த்தவர்கள் ஒரு மரணப் படுக்கையின் அறைக்குள் தாம் அத்துமீறி நுழைந்துவிட்டதாக உணர்ந்தார்கள்.

என் வாசிப்பில் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓவியன் எதிரே எதுவும் இல்லாமலும் தீட்டலாம். கேமராவின் முன் ஒன்று நின்றே ஆக வேண்டும். ஆகவே புகைப்படம் தன் முன் நின்ற பொருளுக்குப் பிறக்கும்போதே கடன்பட்டுவிடுகிறது. அந்தக் கடன் எவ்வளவு, அதை எப்படி அடைப்பது என்ற வழக்கைத்தான் நடுவர்கள் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விசாரித்து வருகிறார்கள்.

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. நாற்பத்தெட்டு வயதில், மகள் கொடுத்த கேமராவோடு தொடங்கியவர். கூர்மை குலைந்த, மங்கிய, முகத்தை மட்டுமே நெருங்கிக் காட்டும் அவர் படங்களை 1860களில் லண்டன் புகைப்படக் கழகத்தார் கைப்பழக்கமில்லாதவர் வேலை என்று ஏளனம் செய்தனர். அவர்களுக்குக் கலங்கலில்லாத படமே நல்ல படம். அதே படங்களுக்குப் பெர்லின் கண்காட்சி 1865இல் வெண்கலப் பதக்கமும் மறு ஆண்டு தங்கப் பதக்கமும் அளித்தது. அம்மையார் 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கேயும் சில படங்கள் எடுத்து, 1879இல் அங்கேயே மறைந்தார். கூர்மையின்மையைப் பிழையென்று எழுதிய லண்டன்காரர்களின் பெயர்களை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து வருபவர் நான் மிகவும் விரும்பும் ஒரு நடுவர். பீட்டர் ஹென்றி எமர்சன். மருத்துவம் பயின்றவர்; முன்கோபி; ராபின்சனின் ஒட்டுவேலைகளைப் பேய்போல் வெறுத்தவர். ஒரு கணம், ஒரு நெகட்டிவ், கைவைக்காத அச்சு என்பதே அவர் வேதம். 1887இல் லண்டனிலிருந்து வெளிவந்த ‘அமெச்சூர் போட்டோகிராஃபர்’ இதழின் விடுமுறைப் போட்டிக்கு அவர் நடுவராக அமர்ந்தார். பெர்லினில் படித்துக்கொண்டிருந்த இருபத்துமூன்று வயது அமெரிக்க மாணவர் ஒருவர் பன்னிரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். அவற்றுள் இத்தாலியில் எடுத்த ஒன்று, ஏதோ வேடிக்கைக்குச் சிரிக்கும் பிள்ளைகளைக் காட்டுவது. எமர்சன் முதற்பரிசை அதற்களித்தார். அந்த மாணவர்தான் ஆல்ஃபிரட் ஸ்டீகிளிட்ஸ். அமெரிக்கப் புகைப்படக் கலையின் தலைவிதியை அடுத்த அரைநூற்றாண்டுக்கு எழுதியவர். இரண்டு கினி பரிசுப்பணமும் ஒரு வெள்ளிப் பதக்கமும் இவ்வளவு தூரம் பாய்ந்த வேறொரு போட்டியை நான் அறியேன்.

எமர்சனை விரும்புவதற்குக் காரணம் அவர் தேர்வு பலித்தது என்பதன்று. 1889இல் தம் கொள்கையை ஒரு பெருநூலாக எழுதி வெளியிட்டவர், மறு ஆண்டே கறுப்புக் கரையிட்ட ஒரு சிறுவெளியீட்டில் ‘இயற்கைநெறிப் புகைப்படக்கலை மரித்தது’ என அறிவித்துத் தாம் சொன்னதைத் தாமே மறுத்தார். புகைப்படம் கலையாகவே முடியாது என்ற முடிவுக்கும் வந்தார். நடுவராக இருந்தவர் தம் அளவுகோலையே ஊரறிய முறித்துப் போட்டது அரிய காட்சி. முடிவு சரியா தவறா என்பது கிடக்கட்டும்.

அவரால் பரிசுபெற்ற ஸ்டீகிளிட்ஸோ நடுவர்களை நம்பாமல் தாமே ஒரு குழு அமைத்தார். நியூயார்க்கில் 1902இல் தொடங்கிய ‘புகைப்படப் பிரிவினையாளர்’ இயக்கத்தின் உறுப்பினரைத் தேர்ந்தவர் பெரும்பாலும் அவர்தான். நடுவர் கூடாது என்று புறப்பட்டவர் ஒரே நடுவராக அமர்ந்துவிட்டார்! இன்னொரு செய்தியும் நம் வழக்குக்குப் பயன்படும். அவருடைய புகழ்பெற்ற ‘குளிர்காலம், ஐந்தாம் அவென்யூ’ 1893இல் பனிப்புயலில் மூன்றுமணி நேரம் காத்துநின்று எடுத்தது. எடுத்த நெகட்டிவில் பெரும்பகுதியை வெட்டி எறிந்த பின்பே இன்று நாம் காணும் படம் வந்தது. எவரும் குறை சொல்லவில்லை.

இனி ஆம்ஸ்டர்டாம். 1955இல் நெதர்லாந்துப் புகைப்படக்காரர்கள் தம் உள்நாட்டுப் போட்டியை உலகத்துக்கும் திறந்துவிட, ‘வேர்ல்ட் பிரஸ் போட்டோ’ பிறந்தது. பதினொரு நாடுகளிலிருந்து 42 பேர் முந்நூற்றுச் சொச்சம் படங்களை அனுப்பினார்கள். டென்மார்க்கின் மோகன்ஸ் வான் ஹாவன் எடுத்த, மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் ஒருவர் தூக்கியெறியப்படும் படம் வென்றது. இன்று ஆண்டுக்கு அறுபதாயிரத்தை ஒட்டிய படங்கள் வருகின்றன. எடுத்தவர் பெயரை மறைத்தே நடுவர்களுக்குக் காட்டுகிறார்கள். முதற்சுற்றில் ஒரு படத்துக்குச் சில நொடிகளே கிடைக்கும். நாம் செய்யுளைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பொருள்கொள்ளப் பழகியவர்கள். சில நொடிகளில் தீர்ப்பு என்றால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் தேர்வுத்தாள் திருத்திய அனுபவமுள்ளவர்கள் இதை அவ்வளவு எளிதில் பழிக்க மாட்டார்கள். முதல் நொடியில் கண் எதையோ பிடித்துக்கொள்கிறது. அதன் காரணத்தை அடுத்தடுத்த சுற்றுகளில் வாதம் தேடுகிறது.

2010இல் உக்ரைன் நாட்டு ஸ்டெபான் ருடிக் என்பவருக்கு விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு கிடைத்தது. கீவ் நகரத் தெருச்சண்டைக்காரர்களைப் பற்றிய படவரிசை. அதில் ஒரு படம், கையில் துணிக்கட்டுப் போடப்படும் காட்சி. அறிவிப்புக்குப் பின் சந்தேகம் எழ, மூலக்கோப்பை வாங்கிப் பார்த்தார்கள். வண்ணப்படம், பரந்த வெளி, பின்னால் பலர். ருடிக் அதன் பெரும்பகுதியை வெட்டி, கறுப்புவெள்ளையாக்கி, விளிம்புகளை இருளச்செய்து, பழைய பிலிம்போல் சொரசொரப்பும் ஏற்றியிருந்தார். மூலத்தையும் முடிவையும் அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றின் தந்தை என்று நம்பவே கடினம். இவ்வளவையும் நடுவர் குழு ஏற்றுக்கொண்டது. விரல்களுக்கிடையே, பின்னால் நின்ற ஒருவரின் காலணி நுனி துளி தெரிந்திருக்கிறது. அதை அழித்திருந்தார். அதற்காகப் பரிசு பறிக்கப்பட்டது.

இதைப் படித்தபோது சத்தியமாக என் மாணவர் முகம்தான் கண்முன் வந்தது. வண்ணம் முழுவதையும் துடைப்பது மாற்றமன்று, ஒரு காலணி நுனியைத் துடைப்பது மாற்றமாம்! அப்போதைய விதி, படத்தின் உள்ளடக்கத்தை மாற்றக்கூடாது, துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுக்கான திருத்தம் மட்டும் செய்யலாம் என்ற கருத்தில் இருந்தது. ஏற்றுக்கொண்டவர் யார், எந்த அளவு என்று அதில் இல்லை. இலக்கணம் கற்றவர்களுக்கு இது புதிதன்று. உயர்ந்தோர் வழக்கே வழக்கு என்று சொல்லிவிட்டு, உயர்ந்தோர் யாவர் என்பதை உரையாசிரியர்களிடம் விட்டுவிடும் நம் மரபுதான். எல்லை காரணத்தால் வகுக்கப்படவில்லை, பழக்கத்தால் வகுக்கப்பட்டது. இருட்டறையில் அச்சிட்ட காலத்தில் ஓரம் வெட்டுவதும் ஒளி கூட்டுவதும் அன்றாட வேலை; கறுப்புவெள்ளையோ அன்றைய இயல்பு. ஆகவே அவை மாற்றமாகக் கண்ணில் படவில்லை.

பழக்கம் ஊருக்கூர் வேறுபடுமாதலால் சங்கடங்கள் தொடர்ந்தன. 2013இல் ஸ்வீடனின் பால் ஹான்சனுடைய காசா இறுதி ஊர்வலப் படம் ஆண்டின் சிறந்த படமானபோது, பல படங்களை ஒட்டியது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வல்லுநர்கள் மூலக்கோப்பைச் சோதித்து ஒட்டுவேலை இல்லை, ஒளியும் வண்ணமும் மட்டுமே கூட்டப்பட்டுள்ளன என்றார்கள். 2015இல் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஐந்தில் ஒரு பங்கு, மூலக்கோப்போடு ஒப்பிட்டதில் தள்ளுபடியானது. பெரும்பாலும் குப்பைத் துணுக்கு, ஓரத்தில் நீட்டிய பொருள் போன்ற அற்பங்கள். எவரும் வரலாற்றைத் திரிக்கவில்லை. வீட்டைப் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு முன் விதிகளை விரித்து எழுதினார்கள்.

இருந்தாலும் அந்தப் பழக்கத்துக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. படத்தின் சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது என்பதைப் பற்றி எந்தப் புகைப்படமும் வாக்குக் கொடுப்பதில்லை. வெளியே உலகம் தொடர்கிறது என்பது பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் படம் சாட்சி சொல்கிறது. ஓரத்தை வெட்டியவர் குறைவாகச் சொன்னார். கம்பியை அழித்தவர் அங்கே வானம் இருந்தது என்று இல்லாததைச் சொன்னார். வழக்குமன்றத்தில் சாட்சி சில கேள்விகளுக்கு வாய்திறவாமல் இருப்பதும், தெரியாததைப் பார்த்தேன் என்பதும் ஒன்றாகுமா?

வெட்டிய ஓரம் எவ்வளவு பேச முடியும் என்பதற்கு நம் கரையிலேயே ஒரு படம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ராய்ட்டர் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா எடுத்த படம் அது. மணலில் ஒரு பெண் குப்புற விழுந்து கிடக்கிறார். கைகள் விரிந்து உள்ளங்கை மேல்நோக்கியிருக்கின்றன. முகம் மண்ணில். படத்தின் ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும் நீண்டு கிடக்கிறது. உடல் இல்லை, சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. 2005 பிப்ரவரியில் ஏறத்தாழ 69,000 படங்களிலிருந்து இதைத்தான் அந்த ஆண்டின் சிறந்த செய்திப் படமாகத் தேர்ந்தார்கள்.

அந்த நாட்களில் நம் செய்தித்தாள்களில் வந்த படங்களை நினைவுவைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வரிசை வரிசையாய்ப் பிள்ளைகளின் உடல்கள். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினோம். திருப்பாமல் இருக்க எவராலும் முடியவில்லை. தத்தாவின் படத்தில் அந்தக் கை மட்டும் இருப்பதால் கண் திரும்பிக்கொள்வதில்லை. ஓரம்வரை போய், அதற்கப்பால் என்ன என்று நின்றுவிடுகிறது. குறிப்பால் உணர்த்துவதன் வலிமையை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, அதை மணலில் கிடக்கும் ஒரு கையில் பார்க்க நேர்ந்தது பெருமையாக இல்லை, வலித்தது. வரலாறும் வடிவமும் அப்பட்டமான உணர்ச்சியும் ஒன்றாய்ச் சேர்ந்த படம் என்ற பொருளில் நடுவர் ஒருவர் அன்று பேசினார். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னது சரிதான். ஆனால் எந்த வரிசையில் அவை கண்ணில் பட்டன என்பதுதான் என் ஐயம்.

உணர்ச்சியை அளவுகோலாக வைப்பது நமக்கு அந்நியமன்று. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர்கள் சொன்ன உரைகளில் மெய்யுரை எது என்று தேர, உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை நடுவனாக அமர்த்திய கதையை அறிவோம். மருதனிளநாகனார் உரைக்கு ஒரோவிடத்தில் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தவன், நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்த்தான், அதுவே தீர்ப்பு. நடுவர் வாய்பேசாதவராகவும் இருந்தது எவ்வளவு வசதி! காரணம் கேட்க வழியில்லை. அந்தப் பிள்ளை முருகனின் அம்சம் என்று கதை சொல்லிவிடுவதால் மேல்முறையீடும் கிடையாது. மனித நடுவர்களின் கண்ணீருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் கண்ணீரும் எங்கோ கற்றுக்கொண்டது.

1997இல் அல்ஜீரியாவின் பெந்தல்ஹாவில் நடந்த படுகொலைக்குப் பின், மருத்துவமனை வாசலில் சுவரோடு சாய்ந்து கதறும் ஒரு பெண்ணை ஹொசின் சவுரார் படமெடுத்தார். பார்த்தவுடனே உலகம் அதற்கு ‘மடோனா’ என்று பெயரிட்டது. அவரோ முஸ்லிம் பெண். கிறித்தவத் தேவாலய ஓவியங்களில் மகனை இழந்த மரியாளைக் கண்டு பழகிய கண்கள் தமக்குத் தெரிந்த துயரத்தை அடையாளம் கண்டுகொண்டன. பரிசும் வந்தது. எட்டுப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் என்று முதலில் வெளியான குறிப்பு தவறென்பது பின்னர்த் தெரிந்தது. அவர் இழந்தது பிள்ளைகளை அன்று, வேறு உறவினரை. தாய் என்ற சொல்லும் ஓவியத்திலிருந்தே ஒட்டிக்கொண்டதோ என்னவோ. 2012இல் பரிசுபெற்ற, சாமுவேல் அராந்தா ஏமனில் எடுத்த படத்திலும் அடிபட்ட இளைஞனை மடியில் தாங்கும் முகத்திரையிட்ட தாய். மீண்டும் அதே அமைப்பு. கடலூர்ப் படத்தை நான் உயர்த்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணில் முகம் புதைத்துக் கிடக்கும் அந்தப் பெண்ணுக்கு எந்தத் தேவாலய ஓவியமும் முன்னோடியாக எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் எழவு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த விழுகை அது.

நடுவர்களுக்குள்ளேயே பிளவு வெளிப்பட்ட ஆண்டு 2017. அங்காராவில் ஒரு கண்காட்சித் திறப்பில் ரஷ்யத் தூதர் சுட்டுக்கொல்லப்பட்ட கணத்தை புர்ஹான் ஓஸ்பிலிஜி அஞ்சாமல் நின்று எடுத்திருந்தார். கொலையாளி கோட்டும் டையும் அணிந்து, கையை உயர்த்தி நிற்கிறான். அது ஆண்டின் சிறந்த படமாயிற்று. நடுவர் குழுத் தலைவர் ஸ்டூவர்ட் பிராங்க்ளின், 1989இல் தியானன்மென் சதுக்கத்தில் டாங்கிகளின் முன் நின்ற மனிதனைப் படமெடுத்தவர்களுள் ஒருவர். முடிவு வெளியான அன்றே, தாம் அதை எதிர்த்து வாக்களித்ததாகப் பத்திரிகையில் எழுதினார். படம் நேர்த்தியானது, எடுத்தவர் வீரர், ஆனால் கொலையாளி விரும்பிய மேடையை நாம் அமைத்துக் கொடுக்கலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். வடிவம், உண்மை, துணிவு ஆகிய மூன்றிலும் தேறிய படத்துக்கு எதிராக நான்காவதாக ஒன்றைக் கேட்டார் அவர். இந்தப் படம் உலகத்தில் என்ன செய்யும்? தனிப்பட்ட முறையில் நான் பிராங்க்ளின் பக்கம். தோற்ற வாக்கு என்பது தெரிந்தே.

படத்தின் கீழ் எழுதப்படும் நாலு வரிகளுக்கும் நடுவரே பொறுப்பாகிறார். 2015இல் இத்தாலியரான ஜியோவன்னி ட்ரோய்லோ, பெல்ஜியத்தின் சார்லருவா நகரைப் பற்றிய படவரிசைக்கு முதற்பரிசு பெற்றார். நகரத்தை இழிவுபடுத்திவிட்டார் என்று மேயர் புகார் எழுப்பினார். காட்சிகளைத் தாமே அமைத்து எடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டை அமைப்பு முதலில் ஏற்கவில்லை. கடைசியில் வரிசையிலிருந்த ஒரு படம் சார்லருவாவில் அன்றிப் பிரஸ்ஸல்ஸ் பகுதியில் எடுக்கப்பட்டது என்பது தெரியவர, பரிசு திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயர் ஒன்று பொய்யானதால் விழுந்தது.

விலங்குப் படங்களில் கதை இன்னும் வேடிக்கை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் 2009இல் வென்ற, வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாய், பழக்கப்படுத்தப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்ய 2010 ஜனவரியில் பரிசு போயிற்று. அதே போட்டியில் 2017இல் பரிசுபெற்ற, கறையான் புற்றை நோக்கி வரும் எறும்புண்ணி, பதப்படுத்தி வைத்த செத்த விலங்காக இருக்க வாய்ப்பு மிகுதி என்று மறு ஆண்டு விலக்கப்பட்டது. எடுத்தவர்கள் இருவருமே மறுத்தார்கள்.

இவ்வளவும் கேமராவின் முன் ஏதோ ஒன்று நின்ற காலத்துச் சண்டைகள். 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளின் ஒரு பிரிவில், பழங்காலப் படம்போன்ற இரு பெண்களின் உருவம் வென்றது. ஜெர்மானியர் போரிஸ் எல்டாக்சன் மேடையேறி, இது செயற்கை நுண்ணறிவு தந்தது, போட்டிகள் இதற்கு ஆயத்தமா என்று பார்க்கவே அனுப்பினேன் என்று கூறிப் பரிசை மறுத்தார். மறு ஆண்டு மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் தலைகீழாகச் செய்தார். தலையை உடலுக்கடியில் புதைத்துச் சொறிந்துகொள்ளும் ஒரு பூநாரையின் மெய்யான படத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பி, நடுவர் பரிசையும் மக்கள் பரிசையும் பெற்று, உண்மையைச் சொல்லி விலக்கப்பட்டார். மெய்யாக இருந்த குற்றத்துக்காக ஒரு புகைப்படம் தள்ளுபடியானது!

தீர்ப்புகள் அரைநூற்றாண்டு கழித்தும் திறக்கப்படுகின்றன. வியட்நாமில் நேபாம் குண்டுக்குத் தப்பி ஆடையின்றி ஓடிவந்த சிறுமியின் படத்துக்கு 1973இல் பரிசளித்த ஆம்ஸ்டர்டாம் அமைப்பு, எடுத்தவர் நிக் ஊட் தானா என்ற ஐயம் ஓர் ஆவணப்படத்தால் எழுந்த பின், 2025 மே மாதத்தில் அவர் பெயரை அப்படத்தோடு சேர்த்துச் சொல்வதை நிறுத்திவைத்தது. அசோசியேட்டட் பிரஸ் தன் ஆய்வின்பின் அவர் பெயரையே தொடர்கிறது. படத்துக்கான பரிசை எவரும் தொடவில்லை. அந்தச் சாலை, அந்தச் சிறுமி, அந்த அலறல் ஆகியவற்றில் ஐயம் இல்லையாம்.

இத்தனையும் படித்துவிட்டு அந்த மாணவரைத் தேடிப் பிடித்தேன். சாட்சி, சட்டம், உள்ளே, வெளியே என்று எனக்குக் கிடைத்த விடையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அப்படியென்றால் நான் இன்னும் கீழே இறக்கி எடுத்திருந்தால் கம்பி வெளியே போயிருக்கும். பரிசும் கிடைத்திருக்கும். இல்லையா ஐயா?” என்றார். கோபுரமும் சேர்ந்து போயிருக்குமே என்றேன். சிரித்தார்.

மூலப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். ஃபோனில் தேடி எடுத்துக் காட்டினார். வானத்தின் குறுக்கே தொய்ந்து போகும் தடித்த கறுப்புக் கம்பி. அதில் ஒன்றையொன்று பாராமல் அமர்ந்திருந்தன இரண்டு மைனாக்கள். அவற்றையும் சேர்த்தே அழித்திருந்தார்.